கதை வாசிக்கும் கணக்குப்பிள்ளையிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி டவுனில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு, மிச்ச நேரமெல்லாம் கதை. சரக்கு எடுக்க வருகிறவர்கள், கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள், பாளை மாவட்ட மைய நூலகத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. இங்கே எழுதிப் போட்டுவிடுகிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள். வந்தாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள்.

ஒரு கதை நல்லாருக்கு, நல்லால்லன்னு எதை வச்சு அண்ணாச்சி சொல்லுதீங்க?

கதையில் வருகிற ஆளுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். என்ன வேலை, என்ன சம்பளம், வாடகை யார் கொடுப்பது, யாரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறான், அதைத் திருப்பினானா இல்லையா. இதை எழுத்தாளர் தெரிந்து எழுதியிருந்தால் அந்த ஆள் அழுதாலும் சிரித்தாலும் நான் நம்புவேன். முந்நூறு பக்கம் காதலித்துவிட்டு, ஆத்மாவைத் தேடிவிட்டு, மலைப்பிரதேசத்துக்குப் போய் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஆளுக்கு பஸ் டிக்கெட் எடுக்கக் காசு எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை தெரியாவிட்டால் எனக்கு அந்த மழையிலும் நம்பிக்கை போய்விடுகிறது. தொழில் புத்தி என்பார்கள். இருக்கட்டும்.

அப்ப கதையில எல்லாம் வரவு செலவு எழுதணுமா?

வேண்டாம். தெரிந்தால் போதும். கி.ராஜநாராயணனின் 'கதவு' கதையில் எத்தனை ரூபாய் தீர்வை, அதாவது வரி, பாக்கி என்பதா முக்கியம்? பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துப் போகிறார்கள், அவ்வளவுதான். அது வரைக்கும் அந்தக் கதவு பிள்ளைகளுக்கு பஸ். அதில் ஏறி நின்று ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வருகிறார்கள், டிக்கெட் எல்லாம் கொடுத்து. பாக்கி என்ற ஒரு சங்கதி அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுடைய பஸ் போகிறது, அப்புறம் வாடைக்காற்று உள்ளே வருகிறது, கைப்பிள்ளை போகிறது. ஒரு தொகைகூடச் சொல்லாமல் ஒரு வீட்டின் ஐந்தொகையை, அதாவது சொத்து-கடன் கணக்கை, அப்படியே எழுதிவிட்டார்.

புதுமைப்பித்தன்னா ஏன் இப்படி உருகுதீங்க? நம்ம ஊர்க்காரர்ங்கதனாலயா?

அதுவும் உண்டு, மறைக்கவில்லை. பிறந்தது திருப்பாதிரிப்புலியூர் என்றாலும் குடும்பம் திருநெல்வேலி, படித்தது நம்ம இந்துக் கல்லூரி. ஆனால் நான் உருகுவது அதற்காக இல்லை.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் முதல் பத்தியை எடுத்துப் பாருங்கள். மேலகரத்துக்காரர், அதாவது தென்காசிப் பக்கத்து ஆள், சென்னைக்குப் போய் சித்த வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர், பிராட்வே முக்கில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார். என்ன யோசனை? பிரபஞ்ச ரகசியமா? டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏமாற்றிவிட்டு அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை கிடையாது. இந்தக் கணக்குக்கு நடுவில்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். கடவுள் வருகிற கதை உலகத்தில் ஆயிரம் இருக்கும், காலணாக் கணக்கைக் கலைத்துக்கொண்டு வருகிற கடவுள் இவர் ஒருத்தர்தான். வந்தவர் யாரென்று தெரிந்த பிறகும் பிள்ளைவாள் என்ன செய்கிறார்? பத்திரிகைக்கு ஜீவிய சந்தா, அதாவது ஆயுள் சந்தா, கேட்கிறார். 25 ரூபாய்.

அப்புறம் கடவுள் அவர் வீட்டிலேயே வந்து தங்குகிறார், குழந்தையோடு விளையாடுகிறார், கூத்தாடிப் பிழைக்க முடியுமா என்று பார்க்கிறார், அதுவும் எடுபடவில்லை. மனுஷனோடு ஒரே வீட்டில் குடியிருக்கத் தன்னால் ஆகாது என்று தெரிந்ததும் போய்விடுகிறார், சந்தாவைக் கட்டிவிட்டு. கந்தசாமிப் பிள்ளை அந்த 25 ரூபாயைக் கணக்கில் வரவு வைக்கிறார். கதை முடிந்தது! 1943-ல் எழுதியது. கடவுளைப் பேரேட்டில் ஏற்றிய ஒரு எழுத்தாளனுக்கு நான் உருகாமல் வேறு யார் உருகுவது?

'செல்லம்மாள்' வேறு தினுசு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பிரமநாயகம் பிள்ளை, நோய்க்காரப் பெண்டாட்டி, சென்னையில் ஒரு வீடு, ஒருதரம் ஊருக்குப் போய் வரவேண்டும் என்ற ஆசை. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் அந்த ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று ரதவீதிக் கடைகளில் நிற்கிற பையன்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். இதை ராத்திரி படிக்க வேண்டாம் என்பது என் சிபாரிசு. பகலிலும் கடையில் வைத்துப் படிக்க வேண்டாம்.

பொன்னியின் செல்வன் உங்களுக்குப் பிடிக்காதாமே?

யார் கிளப்பிவிட்டது? நன்றாகவே பிடிக்கும், ஐந்து பாகமும். எல்லாரும் வந்தியத்தேவன், அருள்மொழி, குந்தவை என்று அலைகிறார்கள், என் ஆள் பெரிய பழுவேட்டரையர். அவர்தானே சோழ நாட்டுக்குத் தனாதிகாரி, தானிய பண்டாரமும் அவர் பொறுப்பு, இறை, அதாவது வரி, விதிப்பதும் அவர்தான். மற்றவர்கள் குதிரையில் போகிறார்கள், படகில் போகிறார்கள், இலங்கைக்குப் போகிறார்கள். படை நடத்துகிற செலவு என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று பொக்கிஷச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கவலைப்படுகிறவர் கிழவர் ஒருவர். வந்தியத்தேவன் தஞ்சாவூர் நிலவறையில் போய் மாட்டிக்கொண்டு பொற்காசும் நவரத்தினமும் குவிந்து கிடப்பதைப் பார்க்கிற இடம்தான் எனக்கு முழுப் புத்தகத்திலும் ஒசத்தி. நந்தினியிடம் மயங்கிவிட்டார் என்பது ஒரு குறைதான். ஆனாலும் கஜானாவைப் பார்த்துக்கொள்கிற ஆளை வில்லனாக்கி, ஓலை கொண்டு போகிற ஆளைக் கதாநாயகனாக்கினதில் கல்கி மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு.

ரஷ்யப் புத்தகம் எல்லாம் எப்படி முடிக்கீங்க? பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

பேரை விடுங்கள், வட்டியைப் பாருங்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' எடுத்துக்கொள்ளுங்கள். ரஸ்கோல்னிகோவ் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை, வட்டிக்குக் கொடுக்கிற ஒரு கிழவியிடம் அடகு வைக்கப் போகிறான். ஒன்றரை ரூபிள் என்று பேச்சு. கிழவி என்ன சொல்கிறாள் தெரியுமா? மாதம் ரூபிளுக்குப் பத்து கோபெக் வட்டி, ஒரு ரூபிளுக்கு நூறு கோபெக், ஆக நம் பாஷையில் பத்து வட்டி. ஒன்றரை ரூபிளுக்கு ஒரு மாத வட்டி பதினைந்து கோபெக்கை முதலிலேயே கழித்துக்கொள்கிறாள். போன தடவை வாங்கிய இரண்டு ரூபிளுக்கும் இருபது கோபெக் வட்டி, அதையும் இதிலேயே பிடித்துக்கொண்டு ஒரு ரூபிள் பதினைந்து கோபெக்கைக் கையில் வைக்கிறாள். இதைப் படித்ததும் எனக்கு பீட்டர்ஸ்பர்க்கும் தெரியவில்லை, அதன் கோடைப் புழுக்கமும் தெரியவில்லை. நம்ம மார்க்கெட்டில் காலையில் தாளை எண்ணிக் கொடுக்கும்போதே வட்டியைக் கழித்துவிட்டுக் கொடுக்கிற ஆட்கள்தான் தெரிந்தார்கள். அதற்கப்புறம் பேர் எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன?

இன்னொன்று. அந்தக் கிழவியைக் கோடாலியால் அடித்துக் கொன்றுவிட்டு எடுத்து வந்த பணப்பையை அந்தப் பையன் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கு அடியில் வைத்துவிடுகிறான். எவ்வளவு இருந்தது என்று அவனுக்கே தெரியாது. விசாரணையில் எண்ணிப் பார்த்தால் 317 ரூபிள் 60 கோபெக், மேலே இருந்த பெரிய நோட்டுகள் ஈரத்தில் கெட்டுப்போயிருந்தன. பைக்குள் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாது என்கிறானே, இதை எப்படி நம்புவது என்று விசாரித்தவர்கள் திகைக்கிறார்கள். பணத்துக்காகத்தான் செய்தான் என்று அதுவரை நினைத்தவனுக்கு, அப்படி இல்லை என்று புரிய அந்த எண்ணாத பை ஒன்றே போதும். அவனுடைய தத்துவம் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை, அந்தப் பை பிடிபட்டது. எம்.ஏ.சுசீலா மொழிபெயர்ப்பில் படியுங்கள், தடங்கல் இல்லாமல் போகும்.

செம்மீன் காதல் கதைதானே, அதை நீங்க ஏன் கடன் கதைன்னு சொல்லுதீங்க?

கடன் கதைதான். செம்பன்குஞ்சு தோணியும் வலையும் வாங்கப் பணம் போதாமல் பரீக்குட்டியிடம் வாங்குகிறான். மீன் பிடித்ததும் உனக்கே தருகிறேன் என்று பேச்சு. தோணி வந்தது, மீன் வந்தது, வாக்கு போச்சு. காசைக் கொடுத்தவனுக்கே மீன் இல்லை என்கிறான். பரீக்குட்டி வியாபாரம் நொடிக்கிறது. செம்பன்குஞ்சு மகள் கறுத்தம்மாவின் மனசை அறுத்துக்கொண்டே இருப்பது பாதி காதல், பாதி அந்த அடைபடாத கடன். அப்பன் வாங்கின கடனை எப்படியாவது கொடுத்துத் தீர்த்துவிட வேண்டும் என்று அவள் தவிக்கிற பக்கங்களைப் படித்துவிட்டு வந்து இதைக் காதல் கதை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். தகழி எழுதியது, தமிழில் சுந்தர ராமசாமி. படத்தை மட்டும் பார்த்தவர்கள் பேச்சில் கலந்துகொள்ள வேண்டாம்.

கி.ரா.வா, கு.அழகிரிசாமியா?

ரெண்டு பேரும் இடைசெவல். கோவில்பட்டி பஸ்ஸில் போனால் கயத்தாறு தாண்டி வருகிற ஊர். 1986-ல் மாவட்டத்தைப் பிரிக்கிற வரைக்கும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான், அதனால் உரிமை கொண்டாட எனக்கு வழி இருக்கிறது. சிநேகிதர்கள், ஒரே ஊர், ஒரே வயசு, ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கி.ரா. பேசிக்கொண்டே இருப்பார், நாம் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அழகிரிசாமி அவ்வளவு பேசமாட்டார்.

ஒருத்தரைத்தான் சொல்லவேண்டும் என்றால் அழகிரிசாமி, 'ராஜா வந்திருக்கிறார்' ஒன்றுக்காகவே. தீபாவளிக்குப் புதுத்துணி என்பது ஏழை வீட்டில் எவ்வளவு பெரிய பட்ஜெட் என்று அதில் ஒரு வார்த்தை அதிகமில்லாமல் இருக்கிறது. இருக்கிற சொற்பத்தில் ஆளுக்கு ஒன்று என்று எண்ணி எடுத்த வீட்டில், எங்கிருந்தோ வந்து நிற்கிற ராஜா என்ற அநாதைப் பையனுக்கும் உடுத்த ஒன்று கொடுக்கவேண்டும். கொடுக்கிறார்கள். பணக்காரப் பையன் எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பீற்றும்போது இந்த ஏழை வீட்டுப் பிள்ளை மங்கம்மாள் எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சொல்கிறாளே, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஜவுளிக்கடையில் தீபாவளி நேரத்தில் ஒரு பொழுது நின்று பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்: சேலை எடுக்கும்போது அம்மாக்கள் தனக்கு என்று வரும்போது மட்டும் விலைச் சீட்டை முதலில் திருப்பிப் பார்ப்பார்கள்.

வண்ணதாசனும் வண்ணநிலவனும் ஒரே ஆளா?

இல்லை. மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். ரெண்டு பேரும் நம்ம ஊர், ரெண்டு பேருக்கும் சொந்தப் பேர் வேறு. வண்ணதாசன் கவிதைக்குக் கல்யாண்ஜி ஆகிவிடுவார், 2016-ல் 'ஒரு சிறு இசை'க்கு சாகித்ய அகாதெமி வாங்கினார். வண்ணநிலவன் 'கடல்புரத்தில்' எழுதியவர், 'ரெய்னீஸ் ஐயர் தெரு' எழுதியவர், 'எஸ்தர்' எழுதியவர்.

என் அளவுகோலுக்கு வண்ணநிலவன் சட்டென்று பிடிபடுவார். கடல்புரத்தில் குரூஸ் மிக்கேலிடம் மகன் வல்லத்தையும் (மீன்பிடிப் படகு) வீட்டையும் விற்கச் சொல்லி நிற்கிறான், ஒருபக்கம் லாஞ்சு என்கிற விசைப்படகு வந்து வல்லக்காரர்கள் வயிற்றில் அடிக்கிறது. எஸ்தரில் மழை இல்லை, ஊரைக் காலி பண்ண வேண்டும், நடக்க முடியாத பாட்டியை என்ன செய்வது. இதற்கு மேல் சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் இருப்பீர்கள்.

வண்ணதாசன்தான் எனக்கு வம்பு. பேங்கில் வேலை பார்த்த மனுஷன், ஆனால் கதையில் காசைப் பற்றிப் பேசவே மாட்டார். ஒரு வீடு, ஒரு முற்றம், உதிர்ந்து கிடக்கிற பூ, பக்கத்து வீட்டு மதினி சிரித்த சிரிப்பு. என் அளவுகோலை எடுத்துக்கொண்டு போனால் தோற்கவேண்டியவர், தோற்கமாட்டேன் என்கிறார். 'நிலை' கதையைப் படித்த பிறகு காரணம் கொஞ்சம் தெரிந்தது. ஊரே தேர் பார்க்கப் போகிறது. வீட்டு வேலைக்கு இருக்கிற கோமுவுக்குப் போக வாய்க்கவில்லை. ஆனியில் நெல்லையப்பர் தேர் ஓடும்போது ரதவீதியில் நின்றால் வடம் பிடிக்கிற சத்தம் உடம்பில் ஏறும். அந்தச் சத்தத்தை ஒரு தெரு தள்ளி, பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து கேட்கிற பிள்ளையை அவர் பார்க்கிறார். சம்பளம் என்ற சொல் வேண்டியதே இல்லை, அது அந்தப் பிள்ளையின் காலில் கட்டிக் கிடக்கிறது.

அசுரன் பார்த்தாச்சு, வெக்கை படிக்கணுமா?

படிக்கணும். வெக்கையை வைத்து எடுத்ததுதான் என்றாலும் 2019-ல் வந்த படம் வேறு சரக்கு, அதில் அப்பாவின் பழைய கதை பெரிசாக விரியும். பூமணியின் நாவலில் பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் கொலை செய்துவிட்டு அய்யாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறான். நடுவில் எதைச் சமைத்தார்கள், அரிசி எங்கே கிடைத்தது, எந்த ஓடையில் தண்ணீர் என்று அவ்வளவு விவரம். சினிமாவில் சண்டை நினைவிருக்கும், நாவலில் கஞ்சி நினைவிருக்கும்.

தோப்பில் மீரானை நேர்ல பார்த்திருக்கீங்களா?

பார்த்ததில்லை. பிறந்தது தேங்காய்ப்பட்டணம் என்றாலும் நம்ம ஊரில்தான் வாழ்ந்தார், 2019-ல் இங்கேயே காலமானார். மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர் என்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தனிப் பாசம். 'சாய்வு நாற்காலி'யில் முஸ்தபாக்கண்ணு சாய்ந்து உட்கார்ந்தபடியே பரம்பரை வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்பார். வரவே இல்லாமல் செலவு மட்டும் இருக்கிற ஒரு பேரேட்டை வியாபாரியால்தான் இவ்வளவு சிரிப்போடும் பயத்தோடும் எழுத முடியும். 1997-ல் சாகித்ய அகாதெமி கொடுத்தார்கள், சரியான ஆளுக்குத்தான் கொடுத்தார்கள்.

ஆழி சூழ் உலகு பேச்சு புரியலையே?

ஐம்பது பக்கம் பொறுங்கள். உவரிக்காரர் ஜோ டி குரூஸ், கடலில் மீன் பிடிக்கிற பரதவர் பேச்சை வளைக்காமல் எழுதியிருக்கிறார். புரியாத சொல் வந்தால் தாண்டிப் போங்கள், கட்டுமரத்தில் மூன்று பேர் கடலில் மாட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்பது மட்டும் பிடியில் இருந்தால் மற்றது தானாக வரும்.

கிரைம் நாவல், காமிக்ஸ் எல்லாம் படிப்பீங்களா, இல்ல இலக்கியம் மட்டுந்தானா?

ஜங்ஷனில் ரயில் ஏறுகிறவன் கையில் ராஜேஷ்குமார் இல்லாமல் ஏறினால் மதுரை வரைக்கும் என்ன செய்வான்? கிரைம் நாவலில் ஒரு நேர்மை இருக்கிறது. கொலை நடந்தால் முதல் கேள்வியே சொத்து யாருக்கு என்பதுதான். என் ஆட்கள்.

காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. ஒரு கை இரும்பு, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். கரண்ட் பில் யார் கட்டினார்கள் என்று சின்ன வயசில் நான் கேட்டதே இல்லை, இப்போதும் கேட்கமாட்டேன். மாயாவிக்கு மட்டும் விலக்கு.

சுஜாதா?

'என் இனிய இயந்திரா' பிடிக்கும். 2021-ல் நடப்பதாக எழுதினார், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும், ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லாரையும்விடப் புத்திசாலி. அந்த வருஷம் வந்து போய்விட்டது, நாய் வரவில்லை. வேகத்துக்காகப் படிக்கலாம்.

முடிக்காம வச்ச புத்தகம் உண்டா?

நிறைய. ஜெயமோகனின் 'வெண்முரசு' 26 நாவல், ஆரம்பிக்கவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன், எங்கள் தொழிலில் ஓய்வு எப்போது என்று முதலாளிதான் சொல்லவேண்டும். பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல், அதை முடித்தேன். கழுகுமலைக் கலவரமும் சிவகாசிக் கலவரமும் வருகிற பகுதிகளில் வேகமாகப் போகும், முன்பாதியில் பொறுமை வேண்டும்.

வாசிக்கவே வாசிக்காத ஆளு எதுல ஆரம்பிக்கலாம்?

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. சின்னக் கதை. புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற மாமா, சுற்றி நிற்கிற பிள்ளைகள், எதுவும் கிடைக்காத சாரங்கன். அது ஒட்டவில்லை என்றால் காமிக்ஸில் ஆரம்பியுங்கள், அதற்கும் ஒட்டவில்லை என்றால் உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது.

உங்க புத்தகத்த இரவல் தருவீங்களா?

தருவேன். தனியாக ஒரு சிட்டை இருக்கிறது, அதில் பேரும் தேதியும் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பக்கத்தை மடிக்கக்கூடாது, குற்றாலத்துக்குக் கொண்டுபோகக்கூடாது. ஒரு புத்தகம் பாக்கி இருக்கும்போது அடுத்தது கிடையாது, மச்சான் முறை உள்ளவர்களுக்கும் இதே சட்டம்தான். இப்போதைக்கு 'சாய்வு நாற்காலி' வெளியே போயிருக்கிறது, 'வெக்கை'க்கு ரெண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள், மற்றதெல்லாம் இருப்பில் இருக்கிறது.